இயற்பியல் படித்தவருக்கு வினையூக்க ஆய்வில் எங்கே இடம்?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். ப்ராஜெக்ட்டில் நிக்கல் கோபால்ட் ஆக்சைடு நானோ துகள் தயாரித்து எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்), எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) எடுத்திருக்கிறேன். நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கிகளில் பிஎச்.டி. செய்ய ஆசை. "அது கெமிஸ்ட்ரிக்காரர்கள் வேலை, உனக்கு அங்கே இடம் கிடைக்காது" என்கிறார்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வாய்ப்பு எப்படி? எதைத் தயார் செய்ய வேண்டும்?

பதில்:

இடம் இருக்கிறது. அதுவும் ஓரமாக ஒட்டிக்கொள்ளும் இடமல்ல. 2007-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் எர்ட்ல், ஸ்டுட்கார்ட்டில் படித்தது இயற்பியல். அம்மோனியா தொழிற்சாலை 1913-லேயே ஜெர்மனியில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அதில் பயன்பட்ட இரும்பு வினையூக்கியின் மேல் உண்மையில் என்ன நடக்கிறது என்பது அதன்பின் பல பத்தாண்டுகள் விளங்கவில்லை. எர்ட்ல் சுத்தமான இரும்புப் படிகத்தை மீயுயர் வெற்றிடத்தில் வைத்து, அதன் மேல் நைட்ரஜனை விட்டு, எலக்ட்ரான் கற்றைகளால் பரப்பைப் படித்தார். நைட்ரஜன் மூலக்கூறு பரப்பில் இரண்டாக உடைவதுதான் மொத்த வேகத்தையும் பிடித்து வைத்திருக்கும் படி என்று அப்படித்தான் நிலைநாட்டினார். கேள்வி வேதியியலில் பிறந்தது. விடைக்கு வழி போட்டவை வெற்றிட பம்ப்பும் எலக்ட்ரான் விளிம்பு விலகலும்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். "நானோ துகள் செய்யத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு போனால் வேதியியல் மாணவர்களோடு அவர்கள் களத்தில் மோதுகிறீர்கள். அவர்கள் உங்களைவிட நன்றாகச் செய்வார்கள். "அளக்கத் தெரியும், அளவு எங்கே பொய் சொல்லும் என்றும் தெரியும்" என்று போங்கள். அந்த ஆளைத்தான் நல்ல குழுக்கள் தேடுகின்றன. இந்தத் துறைக்குப் புதுப் பொருள் பஞ்சம் கிடையாது. நம்பக்கூடிய அளவீடுதான் பஞ்சம்.

நானோ அளவில் ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 10 நானோமீட்டர் உலோகத் துகளில் பத்தில் ஓர் அணு அளவுக்குத்தான் மேற்பரப்பில் இருக்கும். 2 நானோமீட்டரில் ஏறக்குறைய பாதி அணுக்கள் வெளியே நிற்கும். தங்கத்துக்கு வினையூக்கமே வராது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1987-இல் ஜப்பானின் ஹருட்டா, ஆக்சைடு மேல் 5 நானோமீட்டருக்கும் சிறிதாகப் பரப்பிய தங்கம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே கார்பன் மோனாக்சைடை எரிக்கும் என்று காட்டினார். அளவு குறைந்ததாலா, ஓர அணுக்களாலா, தங்கமும் ஆக்சைடும் தொடும் விளிம்பாலா என்று அதைப் பிரித்துப் பார்க்கவே ஏராளமான ஆய்வேடுகள் எழுதப்பட்டன.

அடுத்தது, எந்த வகை லேப் என்பது. விளம்பரத்தில் எல்லாமே "நானோ பொருள், வினையூக்கம், நிலைத்த ஆற்றல்" என்றுதான் இருக்கும். தினசரி வேலை லேபுக்கு லேப் அடியோடு மாறும்.

முதல் வகை மின்வேதியியல் லேப். நீங்கள் கேட்ட நீர்ப் பிளப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. வேலை பார்க்க எளிது. 5 மில்லிகிராம் தூளை 1 மில்லிலிட்டர் தண்ணீர்-ஐசோபுரொப்பனால் கலவையில் போட்டு, தூளை ஒட்ட வைக்கும் நாஃபியான் பாலிமரின் 5 சதவீதக் கரைசல் 20 முதல் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, அரை மணி நேரம் சோனிகேட் செய்தால் (மீயொலியால் கலக்கினால்) மை தயார். 0.05 மைக்ரான் அலுமினாவில் பளபளப்பாக்கிய 5 மில்லிமீட்டர் கிளாசி கார்பன் எலக்ட்ரோடின் மேல் 8 மைக்ரோலிட்டர் சொட்டிக் காயவிட வேண்டும். பரப்பு 0.196 சதுர சென்டிமீட்டர், ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் பூச்சு. சொட்டு ஓரத்தில் வளையமாகக் காய்ந்தால் அந்தப் பூச்சை வழித்து எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். அதிலிருந்து வரும் எண் எதற்கும் உதவாது.

மை போடுவது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆபத்து. உங்கள் பொருளில் நிக்கல் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மிக நுண்ணிய அளவில் இரும்பு இருக்கும். நிக்கல் ஆக்ஸிஹைட்ராக்சைடு அந்த இரும்பைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் வெளியிடும் திறன் பல மடங்கு ஏறும். எலக்ட்ரோடை ஓட்ட ஓட்டச் செயல்திறன் கூடுகிறதே என்று நீங்கள் மகிழ்வீர்கள். அது உங்கள் வினையூக்கியின் திறமை அல்ல, பாட்டிலில் இருந்த அழுக்கின் திறமை. 2014-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு இதைத் தெளிவாக அளந்து காட்டியது. சுத்தமான நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் காரத்தில் போட்டுக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்தால் இரும்பு நீங்கும். இந்த ஒரு சோதனையை உங்கள் எம்.எஸ்சி. பொருளிலேயே செய்துவிடலாம். சுத்திகரித்த காரம், சுத்திகரிக்காத காரம் என்று இரண்டு வளைகோடு. நேர்முகத் தேர்வில் அந்தப் படம் நாலு பக்க விண்ணப்பத்துக்குச் சமம்.

இன்னும் சில பொறிகள். ஹைட்ரஜன் பக்கத்தை அளக்கும்போது எதிர் எலக்ட்ரோடாகப் பிளாட்டினக் கம்பி வைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உங்கள் எலக்ட்ரோடின் மேலேயே படியும். ஆயிரம் சுழற்சிக்குப் பிறகு "செயல்திறன் மேம்பட்டது" என்று எழுதுவீர்கள், மேம்படுத்தியது பிளாட்டினம். கிராஃபைட் தண்டு வையுங்கள், இடையே சவ்வு போடுங்கள். காரத்தில் சில்வர் குளோரைடு ஒப்பு எலக்ட்ரோடு (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைப்பது) வேண்டாம், அதன் அளவு நகரும். மெர்குரி ஆக்சைடு எலக்ட்ரோடுதான் சரி. அதன் அளவை ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்ற 0.098 வோல்ட்டோடு 0.059 பெருக்கல் பி.எச். கூட்டுவார்கள். ஒரு மோலார் காரம் என்றால் பி.எச். 14 என்று கண்ணை மூடிப் போடுவது வழக்கம். உண்மையில் 13.7 ஆக இருந்தால் 18 மில்லிவோல்ட் தவறு. அதே கரைசலில் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழவிட்டு, சுத்தமான பிளாட்டினத்தோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்ப்பதே நேர்வழி. கரைசலின் மின்தடையையும் மறக்க வேண்டாம்: 2 ஓம் தடையில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 200 மில்லிவோல்ட் அங்கேயே போய்விடும். இருபது முப்பது மில்லிவோல்ட் முன்னேற்றத்துக்குக் கட்டுரை எழுதும் துறையில் இவை சின்னத் தவறுகள் அல்ல.

வாயுவை அளக்காமல் மின்னோட்டத்தை மட்டும் காட்டும் லேபில் சேர யோசியுங்கள். 10 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 36 கூலும். எல்லாம் ஆக்சிஜனாகப் போயிருந்தால் அறை வெப்பத்தில் சுமார் 2.3 மில்லிலிட்டர் வர வேண்டும். 1.8 தான் வந்தால் மீதி மின்சாரம் வேறெங்கோ போயிருக்கிறது. அடியில் இருக்கும் கார்பன் தாளே ஆக்சிஜனேற்றமாகிக் கரைவது வழக்கமான காரணம். நைட்ரஜனை மின்சாரத்தால் அம்மோனியா ஆக்கும் ஆய்வில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. காற்று, கையுறை, மூச்சு, பழைய சவ்வு என்று எங்கிருந்தோ வந்த அம்மோனியாவை வினையூக்கியின் கணக்கில் எழுதினார்கள். நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) வாயுவை வைத்துச் சரிபார்க்காத முடிவை ஏற்க முடியாது, அந்த வாயுவையும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும் என்று 2019-இல் டென்மார்க், அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து நெறிமுறை வெளியிட வேண்டியிருந்தது.

இரண்டாம் வகை பரப்பு இயற்பியல் லேப். இது முழுக்க நம் ஆட்களின் இடம். எஃகு அறை, டர்போ பம்ப், அயனி பம்ப், 10⁻¹⁰ மில்லிபார். ஏன் அவ்வளவு குறைந்த அழுத்தம்? 10⁻⁶ மில்லிபாரில் வந்து மோதும் மூலக்கூறு எல்லாம் ஒட்டினால், சில நொடிகளில் பரப்பு முழுதும் ஓர் அடுக்கு அழுக்கு மூடிவிடும். 10⁻¹⁰-இல் அதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வேலை நேரம்.

இந்த லேபில் ஒருநாள் எப்படிப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஃபிளாஞ்சைக் (குழாய்களை இணைக்கும் எஃகு வளையத்தை) கழற்றினால் அதன் செம்பு கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது, புதிது போட வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் கசியும். ஃபிளாஞ்சின் கத்தி விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ஃபிளாஞ்சே போச்சு. பிறகு அறை முழுவதையும் அலுமினியத் தாளால் சுற்றி, 120 முதல் 150 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் சுட வேண்டும். சூட்டை வேகமாக ஏற்றினாலும் இறக்கினாலும் கண்ணாடி ஜன்னல் விரிசல் விடும். சுட்டு முடித்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், உள்ளே மீந்த வாயுக்களை மூலக்கூறு நிறைப்படி பிரித்துக் காட்டும் நிறை நிறமாலையைப் பாருங்கள். 18-இல் பெரிய பீக் என்றால் தண்ணீர்: சுட்டது போதவில்லை. 28-உம் 32-உம் நாலுக்கு ஒன்று விகிதத்தில் நின்றால் வெளிக்காற்று: எங்கோ கசிவு. ஹீலியத்தை ஒவ்வொரு இணைப்பாகத் தெளித்துக்கொண்டே போய், 4-இல் பீக் எழும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிஎச்.டி.யின் முதல் ஆண்டில் பாதி இப்படியே போனால் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்றாம் ஆண்டிலும் இதே நிலை என்றால் லேபில் ஏதோ சரியில்லை.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது கொத்துக் கற்றை முறை. உலோகத் தகட்டை ஆர்கான் பிளாஸ்மாவால் சிதறடித்து, திரவ நைட்ரஜன் குளிரில் வாயுவினுள் அணுக்களை ஒன்றுகூட விட்டு, வரும் கொத்துகளை நிறைப்படி வடிகட்டி, வேறொரு தாங்கு பரப்பின் மேல் மெதுவாக இறக்குவார்கள். கரைப்பான் கிடையாது, பாலிவினைல் பைரோலிடோன் மாதிரி மூடும் பொருள் எதுவும் கிடையாது. வேதிமுறைத் துகள்களில் அந்தப் போர்வையை நீக்கச் சூடாக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிடும். நீக்காவிட்டால் பரப்பு மூடியே கிடக்கும். இங்கே அந்தத் தலைவலி இல்லை. வேறு தலைவலி உண்டு. மின்னூட்டம் ஒன்று உள்ள கொத்துகளின் கற்றை 1 நானோ ஆம்பியர் என்றால் நொடிக்கு 624 கோடி கொத்துகள். 2 நானோமீட்டர் கொத்துகளால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 சதவீதத்தை மூட 1.6 லட்சம் கோடி கொத்து வேண்டும்: நாலேகால் நிமிடம். ஆனால் அத்தனை பிளாட்டினக் கொத்தின் எடை வெறும் 0.14 மைக்ரோகிராம்! இவ்வளவு சின்ன அளவிலிருந்து வரும் விளைபொருளைப் பிடிக்க நுண்ணிய உலைகளும் கூரிய நிறை நிறமாலைமானியும் வேண்டும். கருவி கட்டுவதில் ஆசை உள்ளவருக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு கிடைப்பது அரிது. இந்தக் கணக்கை விண்ணப்பிக்கும் முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வினை நடக்கும்போதே பார்ப்பது. வெற்றிடத்தில் பார்த்த பரப்பும், அழுத்தத்தில் வேலை செய்யும் பரப்பும் ஒன்றல்ல என்பதால் சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வட்டமாக ஓட்டும் முடுக்கி) தரும் எக்ஸ்-கதிர், வாயு உள்ள எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ்-கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலை), வாயு விடக்கூடிய டி.இ.எம். (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) என்று ஒரு தனி உலகமே வளர்ந்திருக்கிறது. சிங்க்ரோட்ரானில் அளக்கத் தரும் கற்றை நேரம் முன்மொழிவு எழுதித்தான் கிடைக்கும், கிடைத்தால் சில நாள்தான், இரவு பகல் பாராமல் ஓட்ட வேண்டும். கற்றையே சாம்பிளைக் கெடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்: சீரியம் ஆக்சைடு எக்ஸ்.பி.எஸ். அறையில் வைத்த சிறிது நேரத்திலேயே ஒடுக்கமாகத் தொடங்கும். அதை "ஆக்சிஜன் காலியிடம் அதிகம்" என்று எழுதியவர்கள் உண்டு.

இனி இடங்கள். ஐரோப்பாவில் வினையூக்கம் இயற்பியல் துறைக்குள்ளேயே நடக்கும் இடங்களை முதலில் பாருங்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பரப்பு இயற்பியல்-வினையூக்கப் பிரிவு இயற்பியல் துறையில்தான் இருக்கிறது. கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் தனி ஒரு நானோ துகளில் நடக்கும் வினையை ஒளியால் பின்தொடர்கிறார்கள். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பயன்முறை இயற்பியல் நிறுவனம் ஆக்சைடு பரப்புக்கும் அதன் மேல் அமரும் ஒற்றை அணுக்களுக்கும் பேர் போனது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக இயற்பியல் துறை கொத்துக் கற்றைக்கு. நெதர்லாந்தின் லைடனில், வினை நடக்கும் அழுத்தத்திலேயே ஓடும் எஸ்.டி.எம். எனும் வருடு ஊடுருவல் நுண்ணோக்கியை (பரப்பின் அணுக்களைக் காட்டுவது) உருவாக்கினார்கள். பெர்லினில் ஃபிரிட்ஸ் ஹேபர் நிறுவனம், எர்ட்ல் இயக்குநராக இருந்த இடம். அங்கே இப்போது பரப்பிடை அறிவியல் துறையை நடத்தும் பெயாட்ரிஸ் ரோல்டான் குவென்யாவும் இயற்பியல் படித்தவர்தான். அதே நகரின் பெஸ்ஸி-2 சிங்க்ரோட்ரானில் இந்த நிறுவனத்துக்கு அளவீட்டு வசதியும் உண்டு.

ஐரோப்பாவில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை. டென்மார்க்கில் மூன்று ஆண்டு, நெதர்லாந்தில் நான்கு, சுவீடனில் கற்பித்தலோடு சேர்த்துப் பெரும்பாலும் ஐந்து. பெல்ஜியத்தில் வரி இல்லாத உதவித்தொகை வழக்கம். ஜெர்மனி விளம்பரங்களில் "டி.வி.எல். இ13, 67 சதவீதம்" என்று பார்த்தால், அரசு ஊதிய அட்டவணையின் 13-ஆம் படியில் மூன்றில் இரண்டு பங்கு நேரத்துக்குச் சம்பளம் என்று பொருள், வேலை முழு நேரமும் இருக்கும். அதே நாட்டில் வெறும் உதவித்தொகை என்றால் மருத்துவக் காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டி வரலாம், முன்கூட்டியே கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு இடங்களுக்கு எந்த நாட்டவரும் போடலாம். சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு இது சாதகமான விதி. ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்செஸ் தளத்தில் வாரம் ஒருமுறை தேடுங்கள். ஜெர்மனிக்குப் படிப்பு விசா என்றால் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் (இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) பொதுவாகக் கட்டாயம். அது கைக்கு வர நாளாகும், மதிப்பெண் பட்டியல் வந்த உடனே போட்டுவிடுங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி.யும் இரண்டாண்டு எம்.எஸ்சி.யும் சேர்ந்தால் பொதுவாகத் தகுதிக்குப் போதும்.

இந்தியாவில் நுழைவு வேறு மாதிரி. சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேசியத் தேர்வுகளில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். நெட் இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100, சி பகுதியிலிருந்து வருகிறது: 30 கேள்வியில் 20, ஒவ்வொன்றும் 5. எல்லாவற்றையும் தொட்டுப் படிப்பதைவிட, குவாண்டம், மின்காந்தவியல், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகளில் சி பகுதிக் கணக்குகளை ஆழமாகப் போடுவதே பலன் தரும். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். எல்லை தவறினாலும், 2024 முதல் நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்குப் பயன்படுத்தும் பிரிவுகள் வந்திருக்கின்றன. அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும், உதவித்தொகை மட்டும் வேறு வழியில் தேட வேண்டும்.

உங்கள் தலைப்புக்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு இடங்களைச் சொல்வேன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்: 1948-இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் உருவானது. பட்டம் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். (சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களுக்கான பட்டம் தரும் நிறுவனம்) வழியாக. எலக்ட்ரோலைசர், பேட்டரி என்று உண்மையான கருவியாக்கம் வரை பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2006 முதல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இயற்பியல் துறை வழியாகச் சேர்ந்து அங்கே கூட்டு வேலை செய்ய முடியுமா என்று ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். வெளியே பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம், இந்திய அறிவியல் கழகம், மொஹாலி நானோ நிறுவனம், புணே தேசிய வேதியியல் ஆய்வகம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் நல்ல கைடு கிடைத்து, கருவி இல்லை என்றால் அதற்காக ஒதுக்க வேண்டாம். இந்தூரில் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் எக்ஸ்-கதிர் உட்கவர்தல் அளவீட்டுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்மொழிவு போடலாம். யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பு அதற்கென்றே இருக்கிறது, கல்பாக்கத்திலும் அதன் கிளை உண்டு. கருவி சொந்தமாக இல்லாத கைடு அங்கெல்லாம் மாணவர்களை அனுப்புகிறாரா என்பதுதான் கேள்வி.

இப்போதே செய்ய வேண்டியது: உங்கள் எக்ஸ்.ஆர்.டி.யை மறுபடி எடுத்து உட்காருங்கள். நிக்கல் கோபால்ட் ஆக்சைடின் பெரிய பீக் 36.7 டிகிரி அருகே வரும். அகலம் 0.8 டிகிரி என்றால், அகலத்திலிருந்து அளவு காட்டும் ஷெர்ரர் சமன்பாடு சுமார் 10.5 நானோமீட்டர் தரும். அது படிக அளவு, துகள் அளவு அல்ல, எஸ்.இ.எம்.-இல் 60 தெரிந்தால் இரண்டும் முரண் இல்லை. பீக் 0.2 டிகிரி கீழே நகர்ந்திருக்கிறது என்றால் "அணிக்கோவை விரிந்தது, இழுவிசை" என்று எழுதும் முன் நிறுத்துங்கள். ஆரம் 150 மில்லிமீட்டர் உள்ள மேசைக் கருவியில் தூள் 0.3 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தாலே இந்த நகர்வு வரும். தூளோடு கொஞ்சம் சிலிக்கான் கலந்து மறுபடி ஓட்டுங்கள். அதன் பீக் 28.44-இல் நின்றால்தான் மற்றதை நம்பலாம். நேர்முகத்தில் கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கேள்விகள்தான். உங்கள் சொந்தப் படத்தையே திரையில் போட்டு, "இது ஏன் இப்படி?" என்பார்கள்.

மின்னஞ்சல் பதினைந்து வரிக்குள் இருக்கட்டும். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற குழுவில்" என்று நூறு பேருக்கு ஒரே அச்சு வேண்டாம். முதல் இரண்டு வரியில் நீங்கள் அளந்தது என்ன, எண்ணோடு. அடுத்து, அவர்களது அண்மைக் கட்டுரையில் குறிப்பாக ஓர் அளவீடு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. பிறகு எப்போது சேர முடியும், உதவித்தொகை கையில் இருக்கிறதா, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த இரண்டு பேரின் பெயர். காசு கொடுத்தால் போடும் பத்திரிகையில் எம்.எஸ்சி. கட்டுரை போடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் போடாதீர்கள். இந்தத் துறையில் அது எடை கூட்டாது, குறைக்கும். அதற்குப் பதில் பைத்தானில் தரவைப் பொருத்தி வரையக் கற்றுக்கொண்டு, உங்கள் எக்ஸ்.ஆர்.டி. பகுப்பாய்வை யாரும் திறந்து பார்க்கும்படி இணையத்தில் வையுங்கள்.

இடம் தருகிறேன் என்று சொன்ன பிறகு, பேராசிரியரிடம் அனுமதி கேட்டு அங்கே இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரோடு அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். போன ஆண்டு முதன்மைக் கருவி எத்தனை மாதம் ஓடியது, பழுதானால் யார் சரி செய்கிறார்கள், பம்ப் வாங்கவும் கற்றை நேரத்துக்குப் போகவும் காசு எங்கிருந்து வருகிறது, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டு ஆனது, எதிர்மறை முடிவு வந்தபோது கைடு என்ன சொன்னார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.